றெமிஜியசுக்காகக் கடை பூட்டிய வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்றில் ஒரு பொலிஸ்காரன் குடியிருந்தான். இதைச் சொன்னால் போதும், "பயமில்லையோ அக்கா?" என்று கேட்பார்கள். எனக்கென்ன பயம்? அவனுக்குத்தான் என்னைக் கண்டால் பயம். வாடகைக்கு வந்த அன்றே சொல்லிவிட்டேன். உடுப்புத் தோய்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மீன் பொரிப்பதானால் யன்னலைத் திறந்துவிட்டுப் பொரிக்க வேண்டும். என் மனிதர் ஒஷாவாவில் இரவு வேலை செய்துவிட்டு வந்து பகலில் நித்திரை கொள்பவர், சத்தம் கூடாது. றெமிஜியஸ் எல்லாவற்றுக்கும் "ஓம் அக்கா" என்றான். அவன் மனைவி செலீன்தான், "மீன் பொரிக்காமல் மன்னார் ஆக்கள் என்னெண்டு அக்கா சீவிக்கிறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அது தொண்ணூறாம் ஆண்டு. அப்போது அவன் பொலிஸ் இல்லை. பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினான், இரவில் ஒரு கட்டடத்துக்குக் காவல் இருந்தான். இடையில் கிடைத்த நேரத்தில் படித்தான், தண்டால் எடுத்தான், ஓடினான். பனிக்குள் அரைக் காற்சட்டையோடு ஓடுகிற தமிழனை நான் அதற்கு முன் கண்டதில்லை. "உவனுக்கு விசர்" என்றார் என் மனிதர். நாலாவது வருசம் அந்த விசரன் பொலிஸ் யூனிபோர்மோடு எங்கள் வாசலில் வந்து இறங்கினான்.

அன்றைக்கு என் ரெலிபோன் ஓயவில்லை. எதிர்வீட்டு அன்ரி, "யோகமலர், உங்கடை வீட்டுக்குள்ளை பொலிஸ் போகுது! பிள்ளையளைப் பின்கதவாலை விடு!" என்று கத்தினா. பக்கத்து மார்க்கம் நகரிலிருந்து என் மச்சாள், "என்ன கேட்டாலும் கையெழுத்து மட்டும் வைச்சுப் போடாதை" என்றாள். விளக்கம் சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் போனைக் கழற்றி வைத்தேன். ஊரைவிட்டு இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு ஓடிவந்த எங்கள் சனத்துக்குப் பொலிஸ் என்றால் அப்படித்தான். அவன் வீட்டுக்கு வந்தால் யாரையோ கொண்டுபோக வருகிறான் என்றுதான் அர்த்தம்.

எனக்கு வெக்ஸ்போர்ட்டில், லோரன்ஸ் வீதியில் ஒரு பிளாசாவுக்குள் ரேக்-அவுட் கடை. இடியப்பம், கொத்து, மட்டன் ரோல்ஸ். ஒரு பக்கத்தில் பத்மநாதன் அண்ணையின் நகைக்கடை, மறுபக்கத்தில் அருள்நாயகம் அண்ணையின் பலசரக்குக் கடை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே றெமிஜியஸ் யூனிபோர்மோடு வந்து இரண்டு ரோல்சும் பிளேன்ரீயும் கேட்டான். கொடுத்தேன். காசை நீட்டினான். நான் தள்ளினேன். அவன் திரும்ப வைத்தான். அந்தச் சில்லறை கவுண்டரில் அங்கும் இங்குமாகப் போய்வந்துகொண்டே இருந்தது.

"ஏன்ராப்பா, என்ரை வீட்டிலை இருந்துகொண்டு என்ரை ரோல்சுக்குக் காசு தாறியோ?" என்று சீறினேன்.

"வீட்டிலை தாங்கோ அக்கா, பத்தும் திண்பன். இந்த உடுப்போடை தந்தால் வாங்கமாட்டன்."

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அன்றைக்கு முழுக்க அவனோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை என்னை அறிந்தவர்கள் அறிவார்கள். பின்னேரம் அவனே மேலே வந்து என் குசினி மேசையில் இருந்தான். மிஞ்சிப்போன ரோல்சை எடுத்துக் கடித்தபடி, ஊரில் தன் அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போன கதையைச் சொன்னான்.

"ஸ்டேஷன் வாசல்லை போய் நிண்டனான் அக்கா. அங்கை நிண்டவன் என்ரை மணிக்கூட்டைக் கேட்டான், குடுத்தன். அண்ணா உள்ளைதான் இருக்கிறான் எண்டான். பிறகு சைக்கிளைக் கேட்டான். குடுத்தன். அதுக்குப் பிறகு சொன்னான், அப்பிடி ஒருத்தனும் இஞ்சை இல்லை எண்டு." கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தான். "இந்த உடுப்போடை நிக்கேக்கை ஆரும் எனக்கு ஒண்டை நீட்டினால், எனக்கு அந்த வாசல்தான் நினைவு வருது."

நான் அழுதுவிட்டேன். அவன் அழவில்லை, இன்னொரு ரோல்ஸ் இருக்கிறதா என்று கேட்டான். அதற்குப் பிறகு அவன் தருகிற சில்லறையை வாயைப் பொத்திக்கொண்டு வாங்கினேன்.

இனி டூலனுக்கு வருவோம். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். சார்ஜன்ட் டூலன், றெமிஜியசுக்கு மேலதிகாரி. ஆள் நல்ல உயரம், சிவந்த முகம், சிரித்தால் பிளாசா முழுக்கக் கேட்கும். 'வணக்கம்' சொல்லப் பழகி வைத்திருந்தான். ஒரு வெள்ளைக்காரன் வாயால் வணக்கம் வந்தால் எங்கள் ஆட்கள் அப்படியே உருகி ஊற்றிவிடுவார்கள். நானும் உருகினேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

டூலன் ஒன்றையும் வாய்விட்டுக் கேட்கமாட்டான். நகைக்கடைக்குள் வந்து, "என் மகளுக்குக் கலியாணம்" என்று சொல்லிவிட்டு ஷோகேசைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ரீவிக் கடைக்கார அன்புராசாவிடம், "வீட்டில் ரீவி பழுதாகிவிட்டது" என்று பெருமூச்சு விடுவான். என்னிடம் வந்தால், "இந்தச் சனிக்கிழமை என் வீட்டில் பார்ட்டி" என்பான். அவ்வளவுதான். சங்கிலி போகும், ரீவி போகும், தட்டுத் தட்டாக ரோல்ஸ் போகும். கொடுக்காவிட்டால் அடுத்த கிழமையே கடை வாசலில் நிற்கிற கார் ஒவ்வொன்றிலும் மஞ்சள் அபராத ரிக்கற் இருக்கும். கொடுத்தால் நிம்மதி. ஆனால் யாரும் இதை லஞ்சம் என்று சொன்னதில்லை. அன்பளிப்பு என்றுதான் சொன்னோம்.

அன்பளிப்பு என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கலியாண வீட்டில் மேடைக்குப் போய் என்வலப்பை நீட்டுவோம், ஆனால் விடமாட்டோம். மாப்பிள்ளை ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு, கமெராக்காரன் கையைக் காட்டும் வரை பல்லைக் காட்டியபடி நிற்போம். படம் எடுக்காமல் கொடுத்தது கொடுத்த கணக்கில் வராது. டூலனுக்கும் அப்படித்தான் செய்தோம். ஒவ்வொரு கடையிலும் ஒரு படம். பத்மநாதன் அண்ணை ஒரு படி மேலே போய் ரோசாப்பூ மாலையும் போட்டார். டூலனுக்குப் படத்துக்கு நிற்பதென்றால் கொள்ளை ஆசை, தொப்பியைச் சரிசெய்து, வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பான். எல்லாவற்றையும் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டினோம். பொலிஸ் எங்கள் நண்பன் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்பதுதான் எண்ணம். என் கடையில் அவன் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ரோல்ஸ் தட்டோடு தொங்கினான்.

படம் இல்லாத ஒரே கடை அருள்நாயகம் அண்ணையின் கடை. அவர் தீவுப் பக்கத்து ஆள், எதையும் இனாமாகக் கொடுத்துப் பழக்கமில்லாதவர். என்னிடமே ஒரு நெட்டுக் கறிவேப்பிலைக்கும் காசு வாங்கியவர். கிறிஸ்மஸ் வருகிறது, எனக்கு இறால் என்றால் உயிர் என்று டூலன் சொன்னபோது, "நல்ல இறால் இருக்குது" என்று விலையைச் சொன்னார். முழு விலையை!

தை மாதம் பிறந்ததிலிருந்து அவர் கடை வாசலில் ரிக்கற் மழை. சாமான் இறக்க வருகிற லொறியை மறித்து மறித்துச் சோதனை போட்டார்கள். சனம் பயந்து வேறு கடைக்குப் போனது. மீன் பெட்டிகள் மணக்கத் தொடங்கின. ஒருநாள் பின்னேரம் அவர் எங்கள் பேஸ்மென்றுக்கு இறங்கிப் போனார். "தம்பி, நீர் பொலிஸ்தானே? நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் சூடு வருகிற குழாய் மேலுக்கும் கீழுக்கும் ஒன்றுதான். கீழே பேசினால் என் குசினி வென்ற்றில், அந்தக் குழாயின் வாயில், தெளிவாகக் கேட்கும். ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். காதைக் கழற்றி வைக்க முடியுமா? அருள்நாயகம் அண்ணை போன பிறகு கீழே சண்டை தொடங்கியது.

"நீங்கள் சேர்ந்து இன்னும் ஒரு வருசம் முடியேல்லை," செலீனின் குரல். "முதல் வருசத்திலை என்ன சாட்டுச் சொல்லியும் வீட்டை அனுப்பலாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? முடியட்டும். முடிஞ்சாப் பிறகு சொல்லுங்கோ."

"அது முடியிறதுக்குள்ளை அருள்நாயகம் அண்ணையின்ரை கடை முடிஞ்சிடும்."

"திரும்பவும் கோப்பை கழுவப் போறியளோ?"

"கழுவினால் என்ன? கை சுத்தமாய் இருக்கும்."

"பகிடி விடாதேங்கோ! இந்த உடுப்புக்காக எத்தினை வருசம் ஓடினனீங்கள்!"

நான் அடுப்பை நிறுத்திவிட்டு வென்ற்றுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். கடைசியில் செலீன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி, போய்ச் சொல்லுங்கோ. ஆனால் ஷேவ் எடுத்துக்கொண்டு போங்கோ. பிச்சைக்காரன் மாதிரிப் போய் நிக்காதேங்கோ." எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

றெமிஜியஸ் ஷேவ் எடுத்துக்கொண்டு போய்ப் பொலிஸ் தலைமையகத்தில் சொன்னான். சொன்னது டூலனின் காதுக்கு எப்படியோ அன்றைக்கே போய்விட்டது. அதுவரை நல்ல பிள்ளையாக இருந்தவன் திடீரென்று நேரம் பிந்தி வருகிறவன், இங்கிலிஸ் விளங்காதவன், சண்டைக்காரன் ஆகிவிட்டான். கூட வேலை செய்தவர்கள் அவன் வந்தால் எழும்பிப் போனார்கள். மாசி முடிவில், விசாரணை முடியும் வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். பங்குனி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை முடிவு. டூலன் செய்ததற்குச் சாட்சி வந்தால் றெமிஜியஸ் பொலிஸ். வராவிட்டால், மேலதிகாரி மேல் பொய் சொன்னவன் என்று யூனிபோர்மைக் கழற்றுவார்கள். செலீன் அந்த யூனிபோர்மை ஒவ்வொரு ஞாயிறும் அயன்பெட்டியால் அழுத்தி அழுத்திக் கதவுக்குப் பின்னால் கொழுவினாள்.

சாட்சிக்காரரோடு வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவனுக்குக் கட்டளை. இந்த மடையன் அதையும் அப்படியே கடைப்பிடித்தான். நான் படியில் நின்று "தம்பி, உந்த டூலன்..." என்று தொடங்கினால், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் ஓடிவிடுவான். ஒரு பொலிஸ்காரனை நான் குளியலறை வாசல் வரை துரத்தியிருக்கிறேன். அவன் உள்ளே தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடுவான்.

சரி, அவன் பேசாவிட்டால் நான் பேசுகிறேன் என்று கடை கடையாக ஏறினேன். "ஆரும் வந்து கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கோ" என்றேன். பத்மநாதன் அண்ணை நெஞ்சில் கையை வைத்து, "தங்கச்சி, எனக்குப் பிரஷர்" என்றார். அன்புராசா, "எனக்கு இன்னும் சிற்றிசன் கிடைக்கேல்லை அக்கா" என்றான். மற்றவர்கள் எல்லாரும், எங்களுக்கேன் வீண் வேலை என்று ஒரே பாட்டு. அன்றைக்கு நான் கொத்துரொட்டி கொத்திய சத்தம் விக்ரோறியா பார்க் வீதி வரை கேட்டிருக்கும்.

அடுத்த கிழமை பத்மநாதன் அண்ணை மூச்சிரைக்க என் கடைக்கு ஓடிவந்தார். "தங்கச்சி, ஒரு பொலிஸ்காரப் பொம்பிளை வந்து நிக்கிறா. எனக்கு இங்கிலிஸ் ஓடுதில்லை, கெதியா வா!" நகை விற்கும்போது அவர் இங்கிலிஸ் அருவியாக ஓடும். போனேன். தலைமையகத்திலிருந்து வந்த ஹார்வுட் என்ற அம்மா நின்றாள். குள்ளமான மனுசி, பெரிய கோட்டு, அதைவிடப் பெரிய கண்ணாடி. மொழிபெயர்ப்பாளர் பனியில் மாட்டுப்பட்டுவிட்டாராம், நான் சொன்னால் போதும் என்றாள்.

சார்ஜன்ட் டூலன் இந்தக் கடையில் எதையாவது வாங்கியதுண்டா என்று கேட்டாள்.

"டூலனோ? அது ஆர்? கண்டதே இல்லை எண்டு சொல்லு."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. பத்மநாதன் அண்ணையின் தலைக்கு மேலே பார்த்தேன். ஹார்வுட் அம்மாவும் நான் பார்த்த இடத்தைப் பார்த்தாள். அண்ணையும் மெல்ல மெல்லத் திரும்பினார். தங்க நிறப் பிரேமுக்குள் டூலன், கழுத்தில் ரோசாப்பூ மாலை, பக்கத்தில் காது வரை சிரிப்போடு அண்ணை. இரண்டு பேருமாக ஒரு சிவப்பு நகைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அது... அது வேறை ஆள்," என்றார் அண்ணை.

"மாலை போட்டிருக்கிறீர்களே?"

"கடைக்கு வாற ஆக்களுக்கு மாலை போடுறது எங்கடை வழக்கம்."

"பெட்டிக்குள் என்ன?"

"ஒண்டுமில்லை. வெறும் பெட்டி."

அந்த அம்மா பொல்லாத கெட்டிக்காரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்படியா? பார்த்தால் ஏதோ முலாம் பூசிய மலிவுச் சங்கிலி கொடுத்தது போலத் தெரிகிறது" என்றாள். நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே பத்மநாதன் அண்ணைக்கு இங்கிலிஸ் விளங்கிவிட்டது. முகம் கறுத்துச் சிவந்தது.

"முலாமோ? ஆற்றை கடையிலை முலாம்? இருபத்திரண்டு கரட் எண்டு சொல்லு தங்கச்சி! அஞ்சு பவுண்! பத்மநாதன்ரை கடையிலை முலாம் எண்ட சொல்லே இல்லை! அவன்ரை மகளின்ரை கழுத்திலைதான் கிடக்குது, கொண்டுவந்து உரைச்சுப் பாக்கச் சொல்லு!"

ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் இங்கிலிஸ் பேசியதில்லை.

பிறகு அந்த அம்மாவோடு பிளாசா முழுக்க நடந்தேன். அன்புராசா, டூலன் ரீவிப் பெட்டியைக் கட்டிப்பிடித்திருக்கிற படத்துக்குக் கீழே நின்று, ஆளையே தெரியாது என்றான். சீலைக் கடையில், டூலனின் மனைவி பட்டுச்சீலையோடு நிற்கிற படத்தைத் துவாய் போட்டு மூடியிருந்தார்கள். ஹீற்றர் காற்றுக்குத் துவாய் விழுந்துவிட்டது. எனக்குச் சிரித்துச் சிரித்து விலா நொந்தது. கடைசியாக என் கடைக்குக் கூட்டிவந்து, "இது நான், இது ரோல்ஸ், இது அவன்" என்று நானே காட்டிக் கொடுத்தேன். இனி டூலன் தொலைந்தான் என்று அன்றிரவு பாயாசம் காய்ச்சினேன்.

அவசரப்பட்டுவிட்டேன். விசாரணைக்கு முதல் நாள் ஹார்வுட் அம்மா திரும்பி வந்தாள். முகம் நன்றாக இல்லை. டூலன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டானாம். கொடுத்தார்கள், வாங்கினேன் என்கிறானாம். இது இந்தச் சனத்தின் பழக்கம், இவர்கள் ஊரில் பொலிசுக்கு லஞ்சம் கொடுத்துப் பழகியவர்கள், தாங்களாக வலிந்து கொண்டுவந்து திணிப்பார்கள், வேண்டாம் என்றால் மனம் நோவார்கள், அதற்காகத்தான் வாங்கினேன், எல்லாரும் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று படத்தைப் பாருங்கள் என்கிறானாம். றெமிஜியஸ் பதவிக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்கிறானாம்.

"இந்தப் படங்களில் யாரும் பயந்த மாதிரி இல்லையே," என்றாள் அந்த அம்மா. "கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் வந்து சொல்லாவிட்டால், நாளைக்கு அந்தப் பையன் போய்விடுவான்."

அவள் போனதும் நகைக்கடைக்குப் போய் அப்படியே ஒப்புவித்தேன். பத்மநாதன் அண்ணை தன் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "வலிஞ்சு குடுத்தனாங்களாமோ?" என்று மெல்லக் கேட்டார். பிறகு, "நாளைக்கு வெள்ளிக்கிழமை தங்கச்சி. வெள்ளிக்கிழமை ஆராவது நகைக்கடை பூட்டுவினமோ? சனம் தங்கம் வாங்கிற நாள்" என்று இழுத்தார்.

"பூட்டாதேங்கோ! லட்சுமி வருவா, வாசலைப் பாத்துக்கொண்டு இருங்கோ! உங்களுக்காகத்தான் ஒரு பெடியன்ரை சீவியம் போகுது, போகட்டும்!" என்று கத்திவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் கோபம் தீரவில்லை. வென்ற்றுக்குள் வாயை வைத்து, "எங்கடை சனம் உருப்படாது!" என்று கத்தினேன். கீழே றெமிஜியஸ் பாடத் தொடங்குவது கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை கொட்டுகிற பனி. தலைமையகத்தில் விசாரணை அறைக்கு முன்னால் ஒரு நீளமான நடை, இரண்டு பக்கமும் ஆட்கள் இருப்பதற்கு வாங்கு. றெமிஜியஸ் தன் கலியாணக் கோட்டோடு ஓர் ஓரத்தில் இருந்தான். கோட்டு இறுகி, கையைத் தூக்க முடியவில்லை. பக்கத்தில் செலீன் செபமாலையோடு. மறுபக்கத்தில் நானும் அருள்நாயகம் அண்ணையும். அண்ணை உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நானும் போய்ச் சொன்னேன், ரிக்கற், பார்ட்டி, ரோல்ஸ், பயம், எல்லாம். தலைமையில் இருந்த இன்ஸ்பெக்டர், "நீங்கள் அவர் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரி, இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே என் சாட்சி பாதி செத்துப்போயிற்று. ஒருவர் கோபக்காரர், ஒருத்தி வீட்டுக்காரி. இவ்வளவுதானா என்கிற மாதிரி அவர் பேனையை மூடினார்.

வெளியே வந்து செலீனின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். ஹார்வுட் அம்மா கதவைத் திறந்து, "வேறு யாராவது?" என்று கேட்டாள். ஒருவரும் இல்லை. கதவு மூடியது. பிறகும் ஒருமுறை திறந்து கேட்டாள். செலீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது லிப்ற் திறந்தது. முதலில் வந்தது ஒரு பெரிய சதுரச் சாமான், கட்டில் விரிப்பால் சுற்றியபடி. அதற்குப் பின்னால் பத்மநாதன் அண்ணை. அவருக்குப் பின்னால் அன்புராசா, சீலைக் கடைக்காரர்கள், பேக்கரிக்காரர், வீடியோக் கடைக்காரர், ஆளுக்கொரு பிரேம் கக்கத்தில். தலை முழுக்கப் பனி. கீழே நின்ற காவலாளி, இவர்கள் படம் விற்க வந்தவர்கள் என்று நினைத்து மறித்துவிட்டானாம்.

"எங்களை லஞ்சக்காரர் எண்டு சொல்லிப்போட்டு அவன் நல்ல பிள்ளையாய்ப் போகப் போறானோ?" பத்மநாதன் அண்ணையின் குரல் அந்த நடை முழுக்க எதிரொலித்தது. "எங்கை தங்கச்சி போக வேணும்? கதவைக் காட்டு!"

"பிரஷர் எண்டியள்?"

"இப்பவும்தான் இருக்குது! நீ கதவைக் காட்டு!"

மொழிபெயர்ப்பாளர் எழும்பி வந்தார். அண்ணை கையைக் காட்டி அவரை இருத்திவிட்டு உள்ளே போனார். கதவுக்கு வெளியே நின்ற எங்களுக்கு அவருடைய இங்கிலிஸ் அருவியாகக் கேட்டது. ஷோகேசைப் பார்த்துக்கொண்டு டூலன் நின்றதைச் சொன்னார். முதல் முறை தான் கொடுக்காமல் விட்டதையும், அந்தக் கிழமை வாசலில் நடந்ததையும் சொன்னார். பிறகு படத்தைப் பிரிக்கிற சத்தம். "ஐயா, இந்தச் சிரிப்பைப் பாருங்கள்," என்றார். "இது பயத்தில் வந்த சிரிப்பு. பொலிசுக்கு முன்னால் நாங்கள் இப்படித்தான் சிரிப்போம்."

பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். குடியுரிமை இல்லாத அன்புராசாவும் தன் படத்தைக் கட்டிப்பிடித்தபடி போனான். உள்ளே போன படங்கள் திரும்பி வரவில்லை, சாட்சிப் பொருளாக வைத்துக்கொண்டார்கள். பிறகு டூலன் வேலையை இழந்து நீதிமன்றம் ஏறியபோதும் அவைதான் முன்னால் போய் நின்றன.

எல்லாரும் சொல்லி முடித்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஆனால் ஒருவரும் எழும்பவில்லை. கடைகள் பூட்டிக் கிடக்க, வெள்ளிக்கிழமை வியாபாரம் போய்க்கொண்டிருக்க, எல்லாரும் வாங்கில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். றெமிஜியஸ் தலையைக் குனிந்தபடி தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார். நடை நிறைய ஆட்களைக் கண்டு திகைத்துப்போனார்.

"உங்கள் வேலை முடிந்துவிட்டது. நீங்கள் வீட்டுக்குப் போகலாம்."

பத்மநாதன் அண்ணை எழும்பிக் கோட்டை இழுத்துவிட்டார். "போக ஏலாது சேர்," என்றார் இங்கிலிசில். "நாங்கள் எங்கள் பொலிஸ்காரனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம்."

றெமிஜியஸ் தலையை நிமிர்த்தினான். இன்ஸ்பெக்டர் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்கு வா."

"யூனிபோர்மோடா சேர்?" என்று அவன் கேட்டான்.

"வேறு எதோடு வரப் போகிறாய்? இவர்களுக்கு உன்னை அடையாளம் தெரிய வேண்டாமா?"

செலீன் "மாதாவே" என்று என் தோளில் விழுந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்? றெமிஜியஸ் எழும்பி, இறுகிய கோட்டோடு எப்படியோ கையைத் தூக்கி, அந்த வாங்கில் இருந்த எங்கள் எல்லாருக்கும் ஒரு சலூட் அடித்தான். பொலிஸ்காரன் சலூட் அடித்தால் திருப்பி என்ன செய்வதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அன்புராசா எழும்பி நின்றான். பிறகு எல்லாரும் எழும்பி நின்றோம்.